முந்திரியை முருகனுக்கு விட்ட கதை

1

இந்த வருடமும் பள்ளிக்கூடத்திலிருந்து அந்தப் படிவம் வந்துவிட்டது. நான்கு பக்கம், பொடி எழுத்து. ஜெர்மனியில் உல்ம் என்கிற ஊரில் பதினேழு வருடமாக இருக்கிறேன். இந்த ஊர்க்காரர்களுக்குப் படிவம் நிரப்பாமல் பொழுது விடியாது. நாய் வளர்த்தால் படிவம், வீடு மாறினால் படிவம், மாறவில்லை என்றால் அதற்கும் ஒன்று. எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனால் இந்த ஒரு படிவத்தை மட்டும் என்னால் குறை சொல்ல முடியாது. என் மகள் கயலுக்கு முந்திரியும் பிஸ்தாவும் ஆகாது. ஆகாது என்றால், கத்தரிக்காய் தின்றால் சொறிகிறது என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்த ஆகாது இல்லை. ஒரு கடி கடித்தால் உதடு வீங்கும், தொண்டை அடைக்கும். சட்டென்று தொடையில் ஊசி போடவில்லை என்றால் பிள்ளை நமக்கில்லை.

கேள்விகள் எல்லாம் வழக்கமானவைதான். எந்தெந்தக் கொட்டை, அந்த மருந்து ஊசி அடைத்த 'ஊசிப் பேனா' எந்தப் பையில் இருக்கும், யாருக்குப் போன் செய்வது. அப்புறம் ஒரு கட்டம்: கடைசியாக எப்போது வந்தது, எங்கே, தின்னக் கொடுத்தது யார்? "மூன்று வயதில், தமிழர் பொங்கல் விழாவில்" என்று வருடா வருடம் யோசிக்காமல் எழுதிக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை மாற்றி எழுத வேண்டும். போன டிசம்பர், மதுரை, பழங்காநத்தம். கொடுத்தது என் அக்கா.

பேனாவைப் பிடித்தபடி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அக்கா பெயரை எழுத மனசு வரவில்லை. என் பெயரை எழுதத் தைரியம் வரவில்லை. கடைசியில் "உறவினர்" என்று ஒரு வார்த்தை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பிவிட்டேன்.  படிவத்தில் எழுதத் துப்பில்லாததை ஊரில் இருந்து படிக்கிற உங்களிடமாவது சொல்லித் தொலைக்கிறேன்.

2

நம் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. சின்னப் பிள்ளையைக் கண்டால் கையில் இருக்கிறதை அதன் வாயில் திணித்தாக வேண்டும். பெற்றவர்களிடம் கேட்பது கிடையாது. கை கழுவுவதும் கிடையாது. "ஆ காட்டு, ஆ காட்டு" என்று கன்னத்தைப் பிடித்து அழுத்தி, நெய்க்கையால் ஊட்டிவிட்டு, அந்தக் கையாலேயே தலையைத் தடவிவிட்டுப் போவார்கள். இதற்குப் பெயர் பாசம். கப்பல் ஏறினாலும் விமானம் ஏறினாலும் இந்தப் பாசம் கூடவே வந்துவிடுகிறது.

கயலுக்கு மூன்று வயது. உல்மில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாடகைக் கூடத்தில் பொங்கல் கொண்டாடினோம். பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா, யாரென்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது, முந்திரி கேக் துண்டு ஒன்றை என் மகள் வாயில் வைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் நகர்ந்துவிட்டார். இரண்டு நிமிடம் இருக்கும். கயல் தன் நாக்கை விரலால் வழிக்க ஆரம்பித்தாள். உதடு இரண்டும் தடித்தன. அப்புறம் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அதுவரை கற்ற ஜெர்மன் அத்தனையும் போன இடம் தெரியவில்லை. "பிள்ளைக்கு மூச்சு வர மாட்டேங்குது" என்று சுத்தமான மதுரைத் தமிழில் கத்திக்கொண்டிருந்தேன். என் மனைவி சுமதி போனைப் பிடுங்கி முகவரி சொன்னாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள், பதற மாட்டாள். பிள்ளை பிழைத்தது. மருத்துவமனையில் பரிசோதனை செய்து, முந்திரி, பிஸ்தா இரண்டும் ஆகாது, கடலை, பாதாம் எல்லாம் தின்னலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த "கடலை தின்னலாம்" இருக்கிறதே, அதுதான் ஊரில் என் மானத்தை வாங்கியது.

3

அடுத்த வருடம் மதுரைக்குப் போனோம். அப்போது அக்கா தன் மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூரில் இருந்தாள். அதனால் திருப்பரங்குன்றத்தில் சித்தி வீட்டில் தங்கினோம். போன அன்றே எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். டாக்டர் முத்திரை குத்திக் கொடுத்த கடிதத்தைக் காட்டினேன். சித்தி அதை வாங்கி, இரண்டாக மடித்து, விசிறிக்கொண்டார்.

"கடல முட்டாயக் கடக்கு கடக்குன்னு திங்குது. முந்திரி மட்டும் ஆகாதாம்ல? யாருகிட்டடா கத விடுற?"

"சித்தி, அது வேற, இது வேற. உசுருக்கே ஆபத்து."

"வெளிநாட்டுக்குப் போனாப் போதும், ஒடம்புக்கு ஒண்ணு, நோய்க்கு ஒரு பேருன்னு வாங்கிட்டு வந்துருதுக. நம்ம வம்சத்துல யாருக்குடா முந்திரி ஆகாமப் போச்சு? கொஞ்சங்கொஞ்சமாக் குடுத்துப் பழக்குனா எல்லாம் சரியாப் போகும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். இன்றைக்கு நினைத்தால் அந்தச் சிரிப்புதான் எனக்கு முதலில் அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். சித்தி ஒரு டம்ளர் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மிக்ஸி ஜாரில் வெள்ளையாக ஏதோ அரைத்தது ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். முந்திரி. பிள்ளைக்குத்தான் அந்தப் பால். தெரியாமல் கொடுத்துப் பழக்கப் போகிறாராம்!

 டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு கத்தினேன். சித்தி ஒரு அங்குலம்கூட அசையவில்லை. "நான் என்ன வெசமா குடுக்கப் போறேன்? எம் பேத்திக்கு எது ஆகும் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று டம்ளரைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். அந்த முகத்தில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. இந்த மனுஷியிடம் டாக்டர், பரிசோதனை, ரத்தம் என்று எதைச் சொன்னாலும் ஏறாது என்று எனக்கு விளங்கிவிட்டது. நாங்கள் திரும்பிப் போக இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சித்தி, பிள்ளைக்கு மூச்சு முட்டிக் கெடந்தப்ப முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். முந்திரிய விட்டுருக்கோம். நேர்த்திக்கடன்."

காசிக்குப் போய் வந்தவர்கள் பிடித்த காய் ஒன்றை விட்டுவிடுவார்களே, அந்தக் கணக்கில் சொன்னேன். சித்தி கையை இழுத்துக்கொண்டார். ஜன்னல் வழியே மலை தெரியும். அந்தப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தெரியாமப் பண்ணிப்புட்டேன் அப்பனே" என்று சொல்லிப் பாலை அங்கணத்தில் கொட்டினார். பிறகு என்னைத் திட்டினார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னடா? என்னமோ அலர்ஜி கிலர்ஜின்னுக்கிட்டு. எம்புட்டு நாளைக்கு வேண்டியிருக்க?"

அதற்கும் ஒரு பதில் வேண்டுமே. யோசிக்கவே இல்லை. "வயசுக்கு வர்ற வரைக்கும்" என்றேன்.

அந்தப் பதினெட்டு நாளும் சித்தி வீட்டில் முந்திரி என்கிற பேச்சே எழவில்லை. தெருவில் யாராவது பிள்ளைக்குப் பலகாரம் நீட்டினால் சித்தி சண்டைக்குப் போனார். ஒரு டாக்டரின் கையெழுத்துக்கு இல்லாத மரியாதை என் பொய்க்குக் கிடைத்தது. ச்சீ என்று இருந்தது. ஆனால் பிழைக்கத் தெரிந்தவன் என்று என்னையே உள்ளுக்குள் தட்டிக்கொடுத்துக்கொண்டேன், அதையும் மறைக்கவில்லை.

4

அக்காவுக்கும் போனில் அதையேதான் சொன்னேன். அவள் சித்தி மாதிரி இல்லை, நல்லது கெட்டது கேட்டுப் புரிந்துகொள்கிறவள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உண்மையைச் சொன்னால் மறுபடி அந்த "கடல திங்குதே" விசாரணை வரும். அதோடு, பெண் பிள்ளை, நோய் நொடி என்று ஊரில் பேச்சுக் கிளம்பினால் நாளைக்குப் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள் என்கிற கவலையும் இருந்தது. ஜெர்மனியில் வளர்கிற பிள்ளைக்குப் பழங்காநத்தத்துப் பேச்சு என்ன செய்யும் என்று கேட்பீர்கள். சுமதியும் கேட்டாள்.

"மதினிகிட்டயாச்சும் நெசத்தச் சொல்லிருங்க. இது ஒரு நாள் நம்ம தலையிலதான் விடியும்."

"சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம்" என்றேன். அப்படியே வருடங்கள் ஓடின.

அடுத்தடுத்த பயணங்களில் அக்கா வீட்டில்தான் தங்கினோம். பழங்காநத்தத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் சின்ன வீடு. அத்தானுக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் சாமான் கடை. அக்கா பலகாரம் செய்வதில் கெட்டிக்காரி. வெளியில் வாங்குவதை வாயில் வைக்க மாட்டாள். கயலுக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனி டப்பா. எங்கள் விமானம் இறங்குவதற்கு முதல் நாளே வீட்டில் இருக்கிற முந்திரி எதிர்வீட்டுக்குப் போய்விடும். யாராவது உறவுக்காரர்கள் இனிப்போடு வந்தால் வாசலிலேயே அக்கா வாங்கி, பிரித்துப் பார்த்து, "பிள்ள திங்கக் கூடாது, நீங்க கொண்டுபோங்க" என்று திருப்பிக் கொடுப்பாள்.

இங்கே உல்மில் கயல் ரொட்டிக் கடைக்குப் போனால் கடைக்காரம்மாவைப் போலீஸ் விசாரணை மாதிரி கேள்வி கேட்பாள். எந்தத் தட்டில் வைத்தீர்கள், கத்தி என்ன வெட்டியது என்று. தோழிகள் பிறந்தநாளுக்குப் போனால் கேக் தின்ன மாட்டாள். இரண்டு ஊசிப் பேனா எப்போதும் இடுப்புப் பையில் இருக்கும், தூங்கும்போது தலைமாட்டில். அந்தப் பையை அவள் கழற்றி வைக்கிற ஒரே இடம் அக்கா வீடுதான். "அத்தை வீட்டுல எனக்குப் பயம் இல்லை அப்பா, அத்தைக்கு எல்லாம் தெரியும்" என்பாள். அவளுக்கு நேர்த்திக்கடன் கதை தெரியாது. எல்லோருக்கும் ஒவ்வாமையைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய தமிழ் இப்போது பாதி ஜெர்மன். "நான் பசி வச்சிருக்கேன்" என்பாள், ஜெர்மனில் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பதால். பதிமூன்று வயதில் பெரிய மனுஷி ஆனாள். சுமதி அக்காவுக்குப் போனில் சொல்ல, அக்கா அழுதுவிட்டாள். மதுரையில் சடங்கு வைக்க வேண்டும், பந்தல் போட வேண்டும், தாய்மாமன் சீர் என்று அடுக்கினாள். பக்கத்தில் நின்ற கயல் ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதை ஏன் ஊருக்கெல்லாம் சொல்லணும்? ஏகல்ஹாஃப்ட்!" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அருவருப்பு என்று அர்த்தம். அவள் அடிக்கடி சொல்கிற வார்த்தை.

சடங்கு வேண்டாம் என்று அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அக்கா கோபப்படவில்லை. "சரிடா, பிள்ளைக்குப் பிடிக்கலன்னா வேணாம். வேற ஒண்ணு இருக்குல்ல, அத நான் பாத்துக்கிறேன்" என்றாள். என்ன என்று நான் கேட்கவில்லை. சித்தி வீட்டு அடுப்படியில் நான் வைத்த கெடுவை நானே மறந்து போயிருந்தேன். அக்கா மறக்கவில்லை.

5

போன டிசம்பர் விடுமுறைக்கு நானும் கயலும் மட்டும் போனோம். சுமதிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நெல்லிக்காய்க் காலம். மொட்டை மாடியில் அக்கா தேன்நெல்லி போட்டு வைத்திருந்தாள். நெல்லிக்காயை இட்லிச் சட்டியில் அவித்து, ஊசியால் சுற்றிலும் குத்தி, வெல்லப் பாகில் இரண்டு நாள் ஊறவிட்டு, அப்புறம் தேனை ஊற்றி, ஜாடி வாயில் வெள்ளைத் துணி கட்டி வெயிலில் வைப்பாள். கயல் தினமும் மாடிக்குப் போய்த் துணியை அவிழ்த்து ஒன்றைத் திருடித் தின்றுவிட்டு, கொட்டையைத் துப்பிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி இறங்கி வருவாள். "எறும்பு கூடிப்போச்சுடா, ரெண்டு காலு எறும்பு" என்று அக்கா என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

வந்த நாலாம் நாள் அக்கா பரபரப்பாக இருந்தாள். எதிர்வீட்டு சௌராஷ்டிரக்கார சரோஜாக்கா ஒத்தாசைக்கு வந்திருந்தார். பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து, அத்திப்பழத்தையும் கிஸ்மிஸையும் பொடியாக நறுக்கி, நெய்யில் சுருளச் சுருள வதக்கிக்கொண்டிருந்தார்கள். ஏலக்காயும் வறுத்த கசகசாவும் தாம்பாளத்தில் தயாராக இருந்தன. ஜன்னல் மேடையில் பிரித்த முந்திரிப் பாக்கெட் ஒன்று இருந்தது. பார்த்தேன். ஒரு நிமிடம் நின்றுகூடப் பார்த்தேன். சரோஜாக்கா தன் வீட்டுக்குக் கொண்டுவந்ததாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"என்னக்கா விசேஷம்?"

"ஒம் மகளுக்குத்தான். இப்பச் சொல்ல மாட்டேன். போற காரியத்த முடிச்சுட்டுச் சீக்கிரம் வா."

போன காரியம், அம்மாவின் இறப்புச் சான்றிதழில் இனிஷியல் தப்பாக விழுந்திருந்ததைத் திருத்துவது. அலுவலகத்தில் இருந்தவர் என் காகிதங்களைப் புரட்டிவிட்டு, இனிஷியல் சரி என்பதற்கு ஒரு சான்று வேண்டும் என்றார். அந்தச் சான்று எங்கே கிடைக்கும் என்றேன். இறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கேட்டால் கொடுப்பார்கள் என்றார். அதில்தான் தப்பு இருக்கிறது என்றேன். அதற்குத்தான் சான்று வேண்டும் என்றார். மூன்று மணி வரைக்கும் நின்று, வெறுத்துப்போய், ஒரு வேலையும் முடியாமல் ஆட்டோ ஏறினேன்.

6

வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்து கிடந்தன. கூடத்தில் முருகன் படத்துக்கு மாலை. அதற்கு முன்னால் ஒரு தட்டில் உருண்டைகள், ஒரு தூக்கில் பஞ்சாமிர்தம். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். நடுவில் கயல், அக்கா வாங்கிய பாவாடை தாவணியில், கூச்சப்பட்டுக்கொண்டு, ஆனால் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். இடுப்பில் பை இல்லை. அக்கா கையில் ஓர் உருண்டை.

"கண்ண மூடு ராசாத்தி. ஆ காட்டு. அத்தை மொதவாட்டி ஊட்டி விடுறேன்."

கயல் எதுவுமே கேட்கவில்லை. உல்மில் ஒரு பிஸ்கட்டுக்கு ஒன்பது கேள்வி கேட்கிற பிள்ளை, கண்ணை மூடி, வாயைத் திறந்தது.

"அக்கா!" என்று கத்தினேன். அக்கா திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "வந்துட்டியா? நேர்த்திக்கடன முடிச்சுட்டேன்டா. காலையிலயே பரங்குன்றம் போய்ப் பிள்ள பேருக்கு அர்ச்சன பண்ணி, பஞ்சாமிர்தம் குடுத்துட்டு வந்துட்டேன். இனிமே அவ முந்திரி திங்கலாம்" என்றாள்.

கயல் அதற்குள் இரண்டு தரம் மென்றிருந்தாள். மெல்லுவது நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். வாயில் இருந்ததை அப்படியே உள்ளங்கையில் துப்பினாள். பிரசாதத்தைத் துப்பிட்டாளே என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. அக்காவின் முகம் செத்துப்போனது.

"அப்பா, பேனா" என்றாள் கயல். குரல் அப்போதே மாறியிருந்தது.

உள்ளறைக்கு ஓடினேன். பை கட்டிலில் இல்லை, கொடியில் இல்லை, அவள் பெட்டிக்கு அடியில் கிடந்தது. ஓடிவந்து பாவாடையோடு சேர்த்துத் தொடையில் குத்தினேன். அழுத்திப் பிடித்துப் பத்து எண்ண வேண்டும். எண்ணினேன். அவளுடைய கழுத்தெல்லாம் சிவந்து தடித்துக்கொண்டிருந்தது. சரோஜாக்கா தெருவுக்கு ஓடி ஒரு ஆட்டோவை மறித்துக் கொண்டுவந்துவிட்டார். அக்கா வெறுங்காலோடு ஏறினாள். என் மடியில் பிள்ளை, பிள்ளையின் காலைப் பிடித்தபடி அக்கா. "என்னடா ஆச்சு, என்னடா குடுத்தேன் நானு, சாமிக்கு வச்சதுதானடா" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தாள்.  பாலத்துக்குப் பக்கத்தில் ஆட்டோ நெரிசலில் நின்றபோது இரண்டாவது பேனாவையும் குத்தினேன்.

7

பிழைத்துக்கொண்டாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தனியார் மருத்துவமனை ஒன்று. அங்கே இருந்த பெண் டாக்டர் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. கயலுக்கு மூச்சு சீரானதும் எங்களிடம் வந்து, "முந்திரி அலர்ஜி இருக்குன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் டாக்டர்" என்றேன். அந்த நேரத்திலும் வாயில் பொய்தான் வந்தது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் அக்கா.

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் நின்றோம். கயல் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"நேர்த்திக்கடன்னுதானடா சொன்ன?"

"பொய்க்கா."

அக்கா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். பொங்கல் விழா, சித்தி, பால் டம்ளர், வாயில் வந்த கெடு.  கேட்டு முடித்ததும் அக்கா சேலை முந்தானையால் கையைத் துடைத்தாள். விரல் இடுக்கில் பேரீச்சம்பழப் பிசுக்கு இன்னும் இருந்தது.

"சித்தி நம்பாது. சரி. என்கிட்ட ஒருவாட்டி சொன்னியாடா? குடுத்துராத, தின்னா பிள்ள செத்துப்போகும்னு ஒருவாட்டி சொன்னியா? சொல்லி நான் கேக்காம இருந்தேனா?"

"ஊருல ஏதாச்சும் பேசுவாங்கன்னு..."

"ஊரா? நான் ஊராடா ஒனக்கு?" குரல் ஏறவில்லை. "சின்னப் பிள்ள சாமிக்குன்னு ஒண்ண விட்டுட்டு இருக்கு, நாம எப்படித் திங்கிறதுன்னு நானும் முந்திரிய விட்டேன்டா. ஒனக்குத் தெரியாது. ஒங்க அத்தானுக்குத் தெரியும். இன்னைக்கு அவளுக்கு ஊட்டிட்டு நானும் திங்கலாம்னு ஒரு உருண்டைய எடுத்து வச்சிருந்தேன். நாக்கூசாம எம்புட்டு வருசம் சொல்லிருக்க! என் கையாலயே எம் பிள்ளையக் கொல்லப் பாத்தியேடா."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தலையைக் குனிந்தபோதுதான் கயல் கண்ணைத் திறந்திருந்ததைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாகத் திறந்திருந்தாளோ.

"அத்தைகிட்ட சொல்லவே இல்லையா?" என்றாள். தொண்டை கரகரவென்று இருந்தது.

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "அத்தை, இங்க வாங்க" என்று அக்காவைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அக்கா உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். கொடுத்தவளைத் தின்றவள் தேற்றிக்கொண்டிருந்தாள். வராண்டாவில் போய் நின்றேன். மருத்துவமனை கேன்டீனில் இருந்து நெய் வாசம் வந்தது. ஓடிப்போய் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தேன்.

8

திரும்பி வந்து மாதங்கள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்காவும் கயலும் வீடியோவில் பேசிக்கொள்கிறார்கள். அக்கா கடையில் வாங்கிய பாக்கெட்டை எல்லாம் கேமரா முன்னால் நீட்டுகிறாள். "இதுல என்னத்தா போட்டுருக்கு, படிச்சுச் சொல்லு" என்கிறாள். கயல் படிக்கிறாள். பிஸ்தா என்று ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தால் அக்காவுக்கு வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டும். தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம். சரோஜாக்கா வீட்டிலும் எங்கள் வருகைக்காக இப்போதே முந்திரி வாங்குவதை நிறுத்திவிட்டார்களாம். சித்தியிடம் அக்காவே நேரில் போய்ச் சண்டை போட்டிருக்கிறாள். ஊர் ஒன்றும் பேசவில்லை. பாவம் பிள்ளை என்றதோடு சரி. என்னோடு அக்கா பேசுவதில்லை. நான் திரைக்கு முன்னால் வந்தால் "வெயிலு கூடிப்போச்சு, வாரேன் தங்கம்" என்று வைத்துவிடுகிறாள்.

போன மாதம் ஊரிலிருந்து வந்தவர் ஒருவர் மூலம் அக்கா ஒரு ஜாடி தேன்நெல்லி கொடுத்து அனுப்பினாள். துணி கட்டி, மேலே ஒரு காகிதம்: "கயலுக்கு. நெல்லிக்கா, வெல்லம், தேன். வேற ஒண்ணும் இல்ல." கயல் அந்தக் காகிதத்தைக்கூட முழுதாகப் படிக்கவில்லை. துணியை அவிழ்த்து, நின்றபடியே இரண்டு தின்றாள்.

என் கையால் செய்ததையும் அவள் அப்படித் தின்ன வேண்டும் என்று எனக்கும் ஆசை வந்தது. நேற்று சனிக்கிழமை, சுமதி வேலைக்குப் போயிருந்தாள். பேரீச்சம்பழமும் அத்திப்பழமும் வாங்கி, நெய்யில் சுருள வதக்கி, எள்ளும் சூரியகாந்தி விதையும் வறுத்துப் போட்டு, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடித்தேன். நன்றாகவே வந்தது. தட்டில் வைத்துக் கயல் முன்னால் நீட்டினேன்.

"என்ன போட்டிருக்கீங்க?"

சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"பாக்கெட்டைக் காட்டுங்க."

"ஜாடியில இருந்ததை மட்டும் கேக்காமத் தின்ன? அத்தை கொடுத்ததுல தான ஆஸ்பத்திரிக்கே போன?" என்று கேட்டுவிட்டேன். அடக்கியிருக்கலாம்.

"அத்தைக்குத் தெரியாது. அதனால கொடுத்தாங்க" என்றாள். கோபமே இல்லை, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "உங்களுக்குத் தெரியும்."

குப்பைக் கூடையில் கையை விட்டுப் பாக்கெட்டுகளைத் தேடி எடுத்தேன். ஈரத்தைத் துடைத்து மேஜையில் வரிசையாக வைத்தேன். பேரீச்சை, அத்தி, நெய், எள், சூரியகாந்தி விதை. ஒவ்வொன்றையும் எடுத்துப் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கீழே வைத்தாள். எள் பாக்கெட்டில் காப்பித்தூள் ஈரம் பட்டு எழுத்து அழிந்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "இதுல ஒண்ணும் கிடையாது கயல், நான் வாங்கும்போதே படிச்சேன், சத்தியமா" என்றேன்.

அவள் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.